இந்தச் சாறு உறிஞ்சற பூச்சி புது இனமா? அதை எப்படி நிரூபிச்சுப் பேர் வைக்கிறது

கேள்விய ஒருதரம் சுருக்கமா சொல்லிடறேன். காட்டுச்செடி ஒண்ணுல 4 மில்லிமீட்டர் நீளத்துல பச்சையா, நெத்தியில ரெண்டு கருப்புப் புள்ளியோட ஒரு தத்துப்பூச்சி கிடைச்சிருக்கு, போட்டோ எடுத்து பேர் சொல்ற ஆப் எல்லாத்துலயும் போட்டுப் பாத்திருக்கீங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பேர் சொல்லுது, எதுவும் ஒத்து வரல. இது புது இனமா, போட்டோவும் டிஎன்ஏவும் இருந்தா போதுமா, பேர் நானே வைக்கலாமா, எவ்வளவு நாள் ஆகும், இதான கேட்டிருக்கீங்க.

நேரா சொல்றேன், புது இனமா இருக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு. ஆனா நமக்குப் பேர் தெரியலைங்கறது ஒண்ணு, உலகத்துல இதுவரைக்கும் யாருமே இதுக்குப் பேர் வைக்கலைங்கறது வேற ஒண்ணு, முதல்லேர்ந்து ரெண்டாவதுக்குப் போய்ச் சேர்றதுதான் மொத்த வேலையுமே. பூச்சியப் புடிக்க ஒரு சாயங்காலம் போதும். ஏற்கனவே பேர் வச்ச அத்தனையிலயும் இது எதுவும் கிடையாதுன்னு ஆதாரத்தோட காட்டறதுக்குத்தான் மாசக்கணக்கு, சில சமயம் வருஷக்கணக்கு ஆகும்.

வாய்ப்பு இருக்குன்னு ஏன் தைரியமா சொல்றேன்னா, தத்துப்பூச்சிக் குடும்பத்துல மட்டும் 20,000 இனத்துக்கு மேல பேர் வச்சாச்சு, மிரிடேன்னு சொல்ற செடி நாவாய்ப்பூச்சிக் குடும்பத்துல 11,000க்கு மேல, அசுவினியில ஏறக்குறைய 5,000, வெள்ளை ஈயில 1,500க்கு மேல, அப்படி இருந்தும் வருஷா வருஷம் புதுசு வந்துகிட்டேதான் இருக்கு. உகாண்டாவுல கிபாலே தேசியப் பூங்காவுலேர்ந்து ஃப்ளோகிஸ் கிபாலென்சிஸ்னு ஒரு தத்துப்பூச்சிய 2022ல விவரிச்சாங்க, அந்தப் பேரினத்துல, அதாவது அது சேர்ந்த நெருங்கின இனங்களோட கூட்டத்துல, அதுக்கு முன்னாடி கடைசியா பதிவானது 1969ல மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுல. அரை நூற்றாண்டா யார் கண்ணுலயும் படாம இருந்த ஒரு பேரினம் அது. இன்னொரு பக்கம், புடிச்சு வச்சும் பேர் இல்லாம கிடக்கறது எக்கச்சக்கம். 2012ல வந்த ஒரு ஆய்வுல, ஒரு உயிரினத்தோட மாதிரிய முதல்ல சேகரிச்ச நாளுக்கும் அதுக்குப் பேர் வச்ச நாளுக்கும் நடுவுல சராசரியா 21 வருஷம் ஆகுதுன்னு கணக்குப் போட்டாங்க. கைக்காயா காகான்னு 2020ல பாடகி லேடி காகா பேர்ல ஒரு மரத்தத்துப்பூச்சி வந்ததே, அதுகூட நிகராகுவாவுல புடிச்சு ஏறக்குறைய 30 வருஷம் மியூசியப் பெட்டியில இருந்ததுதான். காரணம் ஒண்ணுதான், பூச்சி இருக்கு, பாத்துச் சொல்ல ஆள் இல்ல. அதனாலதான் நீங்க இப்படி வந்து கேக்கறதப் பாத்தா எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கு.

சரி, போட்டோ. போட்டோ போதாது, ஏன்னு புரிஞ்சாத்தான் அடுத்த வேலை புரியும். சின்னப் பச்சைத் தத்துப்பூச்சிகள்ல வெளியில தெரியற நிறமும் புள்ளியும் நம்பக்கூடியது இல்ல. ஒரே இனத்துல வெளிறின பச்சையும் இருக்கும் மஞ்சளும் இருக்கும், தோல் உரிச்சு வெளிய வந்த கொஞ்ச நேரம் வெள்ளையா இருக்கும், செத்தப்புறம் பச்சை போய் வைக்கோல் நிறமா ஆயிடும், ஸ்பிரிட்டுல போட்டா இன்னும் மாறும். அதே மாதிரி வெளிய பாத்தா துளிக்கூட வித்தியாசம் சொல்ல முடியாத நாலஞ்சு பூச்சிகள் நாலஞ்சு தனித்தனி இனமா இருக்கும். எம்போயாஸ்கா பேரினத்தை எடுத்துக்கங்க, அத்தனையும் பச்சை, அத்தனையும் இத்துனூண்டு, வெளியத் தோற்றத்தை மட்டும் பாத்து இதுன்னு அடிச்சுச் சொல்றவங்கள நம்பாதீங்க.

பின்ன எதை வச்சுதான் பிரிக்கிறதுன்னா, ஆண் பூச்சியோட வயித்து நுனியில உள்ள இனப்பெருக்க உறுப்ப வச்சுத்தான். இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், இந்த வேலையோட உயிரே இங்கதான் இருக்கு. ஆணோட வயித்துப் பகுதிய மட்டும் மெதுவா பிரிச்செடுத்து 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்ல போடணும், லேசா சூடுபண்ணினா சில நிமிஷம் போதும், அவசரம் இல்லைன்னா சூடே பண்ணாம ராத்திரி முழுக்க ஊறவிடலாம், எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், சூடு கொஞ்சம் கூடிப்போனா மெல்லிசான பாகமெல்லாம் சுருண்டுடும். தசையும் கொழுப்பும் கரைஞ்சுபோய் கைட்டின் ஓடு மட்டும் கண்ணாடியா நிக்கும். தண்ணியில நல்லா அலசிட்டு, குழி வச்ச ஸ்லைடுல ஒரு சொட்டு கிளிசரின் விட்டு அதுல வச்சு மைக்ராஸ்கோப்புக்கு அடியில ரெண்டு நுண்ணூசியால மெதுவா திருப்பித் திருப்பிப் பாக்கணும். ரெண்டு பக்கமும் பைகோஃபர்ங்கற பக்கச் சுவர், அடியில தட்டு, உள்ள ஸ்டைல்ங்கற ஒரு ஜோடி குச்சி மாதிரி பாகம், நடுவுல ஈடியகஸ்ங்கற ஆண்குறி. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த ஈடியகஸ் ஒரு இனத்துல வளைஞ்ச குழாயா வெறுமனே இருக்கும், பக்கத்து இனத்துல நுனியில மான் கொம்பாட்டம் கிளை பிரிஞ்சிருக்கும், இன்னொண்ணுல அடியிலேர்ந்து ஒரு முள் பின்னோக்கி வளைஞ்சு வரும். வெளிய ஒரே அச்சா இருந்த பூச்சிகள் இங்க வந்ததும் பளிச்சுனு பிரிஞ்சு நிக்கும். பக்கவாட்டுல ஒரு படம், பின்பக்கத்துலேர்ந்து ஒரு படம் வரைஞ்சுட்டு, அந்த உறுப்ப தூக்கிப் போட்டுடாம ஒரு துளி கிளிசரினோட குட்டிக் குப்பியில போட்டு அந்தப் பூச்சியக் குத்தின அதே பின்னுல கீழ செருகி வைக்கணும். பூச்சி ஒரு பக்கம் உறுப்பு ஒரு பக்கம்னு பிரிஞ்சு போச்சுன்னா அந்த மாதிரியோட மதிப்பே போச்சு.

அதனால உங்களுக்கு ஆண் வேணும், ஒண்ணு ரெண்டு இல்ல, கிடைக்கிற வரைக்கும் ஒரு வரிசையா வேணும், பெண்ணும் வேணும். ஒரே ஒரு மாதிரிய வச்சுப் புது இனம் விவரிக்கறதுக்கு விதி தடை சொல்லல, ஆனா ஒண்ணே ஒண்ணு இருந்தா அதுல நீங்க பாக்கற முள் அந்த இனத்தோட குணமா அந்த ஒரு பூச்சியோட கோளாறான்னு எப்படித் தெரியும்.

இதெல்லாம் தத்துப்பூச்சிக்கு. சாறு உறிஞ்சற பூச்சியில குடும்பத்துக்குக் குடும்பம் பாக்கற இடமே மாறும், இது தெரியாம நிறைய பேர் தப்பான பருவத்துப் பூச்சிய சேகரிச்சு வச்சுகிட்டு உக்காந்திருப்பாங்க. மாவுப்பூச்சியில வளர்ந்த பெண்ணத்தான் பாக்கணும், உடம்ப வெளுக்க வச்சு சாயம் ஏத்தி கண்ணாடி ஸ்லைடுல கனடா பால்சம்ல பதிச்சு, தோல்ல உள்ள துளைகளையும் நுண்குழாய்களையும் எந்த வரிசையில எத்தனைன்னு எண்ணணும். வெள்ளை ஈயில பறக்கற ஈயில பெருசா ஒண்ணும் பிடிபடாது, இலைக்கு அடியில ஒட்டிகிட்டிருக்கற கடைசிப் பருவத்துக் கூட்டுப்புழு ஓடுதான் இனம் சொல்லும். அதுலயும் ஒரு சிக்கல், பெமிசியா டபாசி மாதிரி வெள்ளை ஈயில ரோமம் அதிகம் உள்ள இலையில வளர்ந்தா கூட்டுப்புழு முதுகுலயும் முடி அதிகமா வரும், வழவழன்னு உள்ள இலையில வளர்ந்தா முடியே இருக்காது. ஒரே தாய்க்குப் பொறந்த குஞ்சுகள் ரெண்டு செடியில வளர்ந்தா ரெண்டு இனம் மாதிரி தெரியும், இத நம்பி அந்தக் காலத்துல ஒரே வெள்ளை ஈக்கு செடிக்கு ஒரு பேரா வச்சுத் தள்ளிட்டாங்க. அசுவினியில ரெக்கை உள்ளது, இல்லாதது, இந்தச் செடியில இருக்கறப்ப ஒரு உருவம் அந்தச் செடிக்குப் போனா வேற உருவம். நெல் புகையான்ல குட்டை ரெக்கை நெட்டை ரெக்கை ரெண்டுமே ஒரே இனத்துல வரும். ஆக ஒரு வித்தியாசத்தப் பாத்தவுடனே புதுசுன்னு துள்ளக்கூடாது, அந்த வித்தியாசம் பருவத்தால வந்ததா செடியால வந்ததா இனத்தாலயே வந்ததான்னு ஒவ்வொண்ணா கழிக்கணும்.

உறுப்ப வரைஞ்சாச்சு, இப்போ எதோட ஒப்பிடறது? முதல்ல இது எந்தப் பேரினம்னு நிச்சயம் பண்ணணும், அப்புறம் அந்தப் பேரினத்துல இதுவரைக்கும் உள்ள அத்தனை இனத்தோட மூல விவரணையையும் தேடி எடுக்கணும், அத்தனையும்னா அத்தனையும், உங்க ஊர்ப்பக்கம் இருக்கறது மட்டும் இல்ல. ஏன்னா இந்தப் பூச்சிங்க நாத்துலயும் கன்னுலயும் பழத்துலயும் ஒட்டிகிட்டுக் கண்டம் தாண்டும். பழைய விவரணை பல லத்தீன்ல நாலு வரி இருக்கும், மஞ்சள், தலையில ரெண்டு புள்ளி, ரெக்கை கண்ணாடி மாதிரி, அவ்வளவுதான். அந்த நாலு வரிக்கு அம்பது பூச்சி பொருந்தும். அப்போ என்ன பண்றதுன்னா அவர் எந்தப் பூச்சியப் பாத்து எழுதினாரோ அதே பூச்சியப் போய் பாக்கணும். பழைய பூச்சி ஆய்வாளர்கள்ல ஸ்டால் விவரிச்சது பெரும்பாலும் ஸ்டாக்ஹோம் மியூசியத்துல இருக்கும், சிக்னோரே விவரிச்சது வியன்னாவுல, டிஸ்டன்ட் விவரிச்சது லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல. நேர்ல போக முடியலைன்னா பொறுப்பாளருக்கு எழுதிக் கேட்டா படம் எடுத்து அனுப்புவாங்க, நிறைய மியூசியம் மூல மாதிரிகளோட படத்த இப்போ ஆன்லைன்லயே வச்சிருக்கு. பழைய புத்தகங்களுக்கு பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி இருக்கு, காசு கிடையாது, செதில் பூச்சிக்கும் மாவுப்பூச்சிக்கும் ஸ்கேல்நெட்ங்கற ஆன்லைன் தகவல் தளம் இருக்கு. இதெல்லாம் இல்லாத காலத்துல ஒரு பேரினத்த முழுசா அலச ஒருத்தரோட பாதி ஆயுசு போயிருக்கும்.

இந்த ஒப்பீடு ஒழுங்கா நடக்காததாலதான் பேர்கள் பின்னாடி அடிபட்டுப் போகுது. பருத்தித் தத்துப்பூச்சிய எம்போயாஸ்கா டிவாஸ்டன்ஸ்னும் அம்ராஸ்கா டிவாஸ்டன்ஸ்னும் விவசாயப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க, டிஸ்டன்ட் வச்ச பேர் அது. ஆனா அதே பூச்சிக்கு இஷிடாங்கற ஆய்வாளர் முன்னாடியே பைகட்டுலான்னு வச்சிருந்தாரு, முன்னாடி வச்ச பேருக்குத்தான் உரிமைங்கறதால இப்போ அம்ராஸ்கா பைகட்டுலாதான் செல்லும். இன்னொண்ணு, பாகிஸ்தான்ல பருத்திய நாசம் பண்ணின மாவுப்பூச்சிய புதுசுன்னு நெனச்சு பினாகாக்கஸ் காசிப்பிஃபிலஸ்னு பேர் வச்சாங்க, அப்புறம் நிதானமா ஒப்பிட்டுப் பாத்தா அது 1898லயே டின்ஸ்லி அமெரிக்காவுல விவரிச்ச பினாகாக்கஸ் சொலெனாப்சிஸ். தப்பான புதுப்பேர் வந்தா என்ன நஷ்டம்னா, அந்தப் பூச்சிய பத்தி ஏற்கனவே தெரிஞ்சிருக்கற அத்தனையும், எங்கேர்ந்து வந்தது, எந்த ஒட்டுண்ணி அத அடக்கும், எல்லாமே பழைய பேருக்குக் கீழ இருக்கும், நீங்க புதுப்பேருக்குக் கீழ வெறும் பக்கத்தப் பாத்துகிட்டிருப்பீங்க.

இதுக்கு நேர் எதிர் தப்பும் உண்டு, புதுச பழசுன்னு நெனைக்கறது. மரவள்ளி மாவுப்பூச்சி கதைய இந்தப் பக்கம் வர்றவங்க எல்லாருக்கும் நான் சொல்லுவேன், இனம் விவரிக்கறது வயித்துச் சோத்தோட எவ்வளவு நெருக்கமான விஷயம்னு அதுல தெரியும். 1970கள் ஆரம்பத்துல காங்கோ, ஜயர் (இப்போ காங்கோ ஜனநாயகக் குடியரசு) பக்கம் மரவள்ளியில ஒரு மாவுப்பூச்சி வந்து குருத்தெல்லாம் சுருண்டு செடியே குட்டையா நின்னு போச்சு, கோடிக்கணக்கான ஜனங்களுக்கு அந்தக் கிழங்குதான் சாப்பாடு. மாட்டீல் ஃபெரெரோங்கற ஆய்வாளர் 1977ல அத புது இனம்னு பினாகாக்கஸ் மனிஹோட்டின்னு விவரிச்சாங்க. மரவள்ளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர், அதனால பூச்சியும் அங்கதான் இருக்கணும், அங்க அத அடக்கி வைக்கிற ஒட்டுண்ணியும் இருக்கணும்னு தேடிப் போனாங்க. தென்னமெரிக்காவோட வடக்குப் பகுதியில அச்சு அசல் அதே மாதிரி ஒண்ணு கிடைச்சது, அதோட ஒட்டுண்ணியயும் எடுத்தாங்க, வேலைக்கு ஆகல. உத்துப் பாத்தா ரெண்டும் வேற. ஆப்பிரிக்காவுல வந்ததுல ஆணே கிடையாது, பெண்ணே பெண்ணப் பெத்துப் போட்டுகிட்டே போகும், வடக்குல கிடைச்சதுல ஆணும் இருக்கு பெண்ணும் இருக்கு. அந்த வடக்குப் பூச்சிய 1981ல காக்ஸும் வில்லியம்ஸும் பினாகாக்கஸ் ஹெரெனின்னு தனி இனமா விவரிச்சாங்க. அதே வருஷம் பெல்லோட்டிங்கற விஞ்ஞானி உண்மையான மனிஹோட்டிய பராகுவேயில கண்டாரு, அதோட கூட அனகைரஸ் லோபெசிங்கற குட்டிக் குளவியும் கிடைச்சது. அந்தக் குளவிய நைஜீரியாவுல விட்டு, அங்கேர்ந்து ஆப்பிரிக்காவோட மரவள்ளிப் பகுதி முழுக்கப் பரப்பி மாவுப்பூச்சிய அடக்கினாங்க, அந்தத் திட்டத்த நடத்தின ஹான்ஸ் ஹெரெனுக்கு 1995ல உலக உணவுப் பரிசு கிடைச்சது. ஸ்லைடுல துளை எண்ணி இது வேற அது வேறன்னு ரெண்டு பேர் உக்காந்து பிரிச்சதுக்கும் அந்தக் கிழங்கு பொழைச்சதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. திராட்சை வேர் அசுவினி ஃபைலாக்சரா கதையும் இதே வகைதான், 1850கள்ல ஃபிட்ச் அமெரிக்காவுல இலைக் கொப்புளத்துல பாத்து விவரிச்சதும், 1868ல பிரான்ஸ்ல பிளான்ஷோன் வேர்ல பாத்து வேற பேர் வச்சதும் ஒரே பூச்சிதான்னு உறுதியான பின்னாடிதான், அமெரிக்க வேர் அத தாங்கும்னு அந்த வேர்த்தண்டுல ஒட்டுக்கட்டற வழி பலமாச்சு.

டிஎன்ஏ பத்திக் கேட்டீங்க. கட்டாயம் பண்ணுங்க, ஆனா அத மட்டும் நம்பிப் போகாதீங்க. 2003ல ஹெபெர்ட் குழு முன்வச்ச பார்கோடு முறையில மைட்டோகாண்ட்ரியாவுல உள்ள சிஓஐங்கற மரபணுவுல ஏறக்குறைய 658 எழுத்து நீளத்த எடுத்து ஒப்பிடுவாங்க. குஞ்சையும் வளர்ந்ததையும் சேக்கறதுக்கு, ஆணயும் அதோட பெண்ணயும் ஜோடி சேக்கறதுக்கு இத விட்டா ஆள் இல்ல. வெள்ளை ஈயிலயும் அதுதான் கண்ண தெறந்தது, 1889ல கிரீஸ்ல புகையிலைச் செடியில பாத்து ஜென்னாடியஸ் விவரிச்ச பெமிசியா டபாசி ஒரே இனம் இல்ல, உருவத்துல பிரிக்கவே முடியாத 30க்கு மேற்பட்ட இனங்களோட கூட்டம்னு டிஎன்ஏதான் சொல்லிச்சு, 3.5 சதவீத வித்தியாசத்த கோடா வச்சுப் பிரிக்கறாங்க. ஆனா பாருங்க, அதுல பெரும்பாலானதுக்கு இன்னும் முறையான பேர் கிடையாது, மெடிட்டரேனியன், மிடில் ஈஸ்ட் ஏசியா மைனர் 1னு பட்டப்பேர்லதான் ஓடிகிட்டிருக்கு, பழைய பேர்கள்ல எது எந்த டிஎன்ஏவுக்குச் சொந்தம்னு கட்டறது அவ்வளவு சிக்கல். உங்க விஷயத்துலயும் இதே பிரச்சினை வரும். டேட்டாபேஸ்ல பொருந்தலைன்னா அர்த்தம் யாரும் இன்னும் அந்த இனத்தோட சீக்வென்ஸ, அதாவது டிஎன்ஏ எழுத்து வரிசைய, ஏத்தலைங்கறதுதான், 1908ல விவரிச்ச பூச்சிக்கு யார் டிஎன்ஏ எடுத்தாங்க. சாறு உறிஞ்சற பூச்சியில கூடுதலா ரெண்டு பொறி இருக்கு. உள்ள ஒட்டுண்ணிக் குளவி முட்டை வச்சிருந்தா வர்ற சீக்வென்ஸ் குளவியோடதா இருக்கும், மாவுப்பூச்சியில இது சகஜம். வோல்பேக்கியாங்கற பாக்டீரியா தாய்வழியா பரவறதால மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவையும் கூடவே இழுத்துகிட்டுப் போய், ஒரே இனம் ரெண்டா தெரியறதும் ரெண்டு ஒண்ணா தெரியறதும் நடக்கும். அதனால செல்லோட உட்கருவுல உள்ள மரபணு ஒண்ணாவது கூட சேத்துக்கங்க. டிஎன்ஏ எடுக்கறேன்னு பூச்சிய அரைச்சுடாதீங்க, முழுசா என்சைம் கரைசல்ல ஊறவச்சு டிஎன்ஏவ எடுத்துட்டு ஓட்ட அப்படியே வெளிய எடுத்து ஸ்லைடு போடற முறை இருக்கு, சீக்வென்ஸும் உருவமும் ஒரே பூச்சியிலேர்ந்து வரணும்.

வெறும் பார்கோடு வச்சே இனம் விவரிக்கறவங்களும் உண்டு, 2021ல கோஸ்டாரிகாவோட பிராகோனிட்ங்கற ஒட்டுண்ணிக் குளவிகள்ல 403 புது இனத்துக்கு ஒரே கட்டுரையில அப்படித்தான் பேர் வச்சாங்க, பெரிய சண்டையே நடந்தது. போட்டோ மட்டும் வச்சும் செஞ்சிருக்காங்க, 2015ல தென்னாப்பிரிக்க ஈ ஒண்ண மாதிரியே கையில இல்லாம படத்த வச்சு விவரிச்சாங்க, அதுக்கும் எதிர்ப்பு பலமா வந்தது. என் கருத்து, அரிய மிருகத்துக்கு அது பொருந்தலாம், செடியில ஆயிரக்கணக்குல உக்காந்திருக்கற பூச்சிக்கு மாதிரி எடுக்காம இருக்கறதுக்கு நியாயமே கிடையாது. நாளைக்கு ஒருத்தர் புதுக்கேள்வியோட வந்தா திரும்பப் பாக்க அங்க ஒரு உடம்பு இருக்கணும்.

செடி விஷயம், இதுல உங்களாட்டம் களத்துல இருக்கறவங்கதான் ராஜா. பூச்சி உக்காந்திருந்த செடிதான் அதோட உணவுச்செடின்னு எழுதிடாதீங்க, ரெக்கை உள்ளது காத்துல வந்து எங்க வேணாலும் உக்காரும். குஞ்சுகள் இருக்கா, தோல் உரிச்ச சட்டை இலைக்கு அடியில ஒட்டிகிட்டிருக்கா, முட்டை வச்ச தழும்பு இருக்கா, உறிஞ்சின இடத்துல வெள்ளப் புள்ளியோ இலை ஓரம் சுருண்டதோ தெரியுதான்னு பாருங்க. குஞ்ச அந்தச் செடியோட வலைக்கூண்டுல வச்சு ரெக்கை வர்ற வரைக்கும் வளத்துப் பாத்தா அதுதான் அசைக்க முடியாத சாட்சி, அதோட குஞ்சு யாரோடதுங்கறதும் சேர்ந்தே தெரிஞ்சுடும். செடியயும் பூவோட காயோட ஒரு கிளை அழுத்திக் காயவச்சு தாவர ஆளுங்ககிட்ட காட்டிப் பேர் வாங்குங்க. ஒரே செடியில மட்டும் வாழற பூச்சிகள் இந்தக் கூட்டத்துல ஏகப்பட்டது, செடி பேர் தப்பாப் போனா அடுத்தவங்க தப்பான செடியில தேடிகிட்டிருப்பாங்க.

இனி விதி. விலங்குப் பேர்களுக்கு ஒரு சர்வதேச விதித்தொகுப்பு இருக்கு, இப்போ நடப்புல இருக்கறது 4வது பதிப்பு, 2000 ஜனவரி 1லேர்ந்து. லின்னேயஸோட 1758 புத்தகத்துலேர்ந்துதான் பேர் கணக்கு ஆரம்பிக்குது, சிலந்தி மட்டும் ஒரு விதிவிலக்கு. இது கேக்கறது ரொம்ப அதிகம் இல்ல, ஆனா கேக்கறது விட்டா பேர் செல்லாது. புது இனம்னு வெளிப்படையா சொல்லியிருக்கணும், மத்ததுலேர்ந்து எப்படி வேறுபடுதுன்னு வார்த்தையில எழுதியிருக்கணும், ஹோலோடைப்னு, அந்தப் பேருக்கு ஆதாரமா ஒரே ஒரு மாதிரிய குறிச்சு அது எந்த நிறுவனத்துல இருக்கு இல்ல இருக்கப்போகுதுன்னு சொல்லணும், முறையா வெளியிட்டிருக்கணும். மின் இதழ்ல மட்டும் வெளியிடறது 2012லேர்ந்து செல்லும், ஆனா விலங்குப் பேர்களுக்கான ஆன்லைன் பதிவேடான ஜூபேங்க்ல பதிஞ்சு அந்தப் பதிவு கட்டுரைக்குள்ளயே இருக்கணும். சோஷியல் மீடியாவுல போட்டா பேர் ஆகாது, மாநாட்டுச் சுருக்கத்துல வந்தாலும் ஆகாது. அதனாலயே கட்டுரை வர்றதுக்கு முன்னாடி பேர வெளிய விடாதீங்க, அரைகுறையா சுத்தற பேர் பின்னாடி எல்லாருக்கும் தலைவலி. இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க, வேற நிபுணர் பாத்து ஒத்துக்கணும்னு அந்த விதியில எங்கயும் இல்ல. விதிப்படி பேர் செல்லும், ஆனா அறிவியல் மட்டமா இருக்கலாம், அப்படி அவசரமா குவிச்ச பேர்கள சுத்தம் பண்ணவே பல பேர் காலத்தச் செலவழிக்கறாங்க. நல்ல இதழுக்குப் போங்க, ஜூடாக்சா, ஜூகீஸ் மாதிரி இதுக்குன்னே உள்ளது இருக்கு.

ஹோலோடைப் உங்க வீட்டு அலமாரியில இருக்கக்கூடாது, யாரும் வந்து பாக்கற பொது மியூசியத்துல இருக்கணும், சிவப்பு லேபிள் போட்டு. மிச்ச மாதிரிகள் பாராடைப், அத ரெண்டு மூணு மியூசியத்துக்குப் பிரிச்சுக் குடுங்க, ஒரு இடத்துல தீப்பிடிச்சாலும் இன்னொரு இடத்துல இருக்கும். சேகரிக்கறதுக்கும் எல்லை தாண்டி அனுப்பறதுக்கும் அனுமதி வாங்கற சட்டம் நாட்டுக்கு நாடு வேற, உயிரின வளங்களப் பயன்படுத்தறது பத்தின நாகோயா சர்வதேச ஒப்பந்தத்துக்கு அப்புறம் இது இறுகிப்போச்சு, காட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே காகிதத்த கையில வச்சுக்கங்க, பின்னாடி எந்த மியூசியமும் அனுமதி இல்லாத மாதிரிய வாங்காது.

கட்டுரையில எல்லாரும் நீளமா எழுதறது விவரணை, ஆனா படிக்கறவங்களுக்கு உசுரு அதுக்கு முன்னாடி வர்ற நாலு வரி வேறுபாட்டுக் குறிப்புதான். இந்த இனத்துக்கு ரொம்ப நெருக்கமானது எது, அதுலேர்ந்து எதுல மாறுதுன்னு நேருக்கு நேர் எழுதுங்க. ஈடியகஸ் நீளமானதுன்னு எழுதினா யாருக்கும் பிரயோஜனம் இல்ல, பைகோஃபர் நீளத்துல எத்தனை பங்கு, நுனி முள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, பக்கத்து இனத்துல அதே முள் எங்க இருக்குன்னு இருக்கணும். அளவு எடுக்கும்போது ஆணுக்குத் தனியா பெண்ணுக்குத் தனியா, குறைஞ்சது இவ்வளவு அதிகபட்சம் இவ்வளவுன்னு. பேரினத்துல உள்ள இனங்கள படிப்படியா பிரிச்சு அடையாளம் காண உதவற கீங்கற பட்டியல் ஒண்ணு சேத்தா அடுத்து வர்றவங்க உங்களுக்குக் கோயில் கட்டுவாங்க.

பேர், ஆமா, எழுதறவங்கதான் வைக்கறது. லத்தீன் எழுத்துல இருக்கணும், பேரடையா இருந்தா பேரினத்தோட பாலுக்கு ஏத்த மாதிரி விகுதி மாறணும், ஒரு ஆண் நினைவா வச்சா கடைசியில ஐ, பெண்ணுன்னா ஏஇ. தன் பேரையே வச்சுக்கக்கூடாதுன்னு விதியில தடை இல்ல, ஆனா மரியாதை தெரிஞ்ச யாரும் வைக்க மாட்டாங்க. என்னக் கேட்டா செடி பேரோ இடத்துப் பேரோ உருவத்துல உள்ள ஒரு அடையாளமோதான் நல்லது, மனிஹோட்டின்னதும் மரவள்ளி ஞாபகம் வருது இல்ல. ஆனா செடி பேர வைக்கறதா இருந்தா அது நிஜமான உணவுச்செடின்னு நிச்சயம் ஆகட்டும், தப்பா இருந்தாலும் அந்தப் பேர அப்புறம் மாத்த முடியாது.

காலம்னா, பேரினம் சின்னதா இருந்து சமீபத்துல யாராவது அத முழுசா அலசி வச்சிருந்தா ஒரு வருஷத்துக்குள்ள முடியலாம், பெரிய குழப்பமான பேரினமா இருந்தா பல வருஷம். தனியா பண்ணாதீங்க. அந்தக் குடும்பத்துல வேலை பாக்கற நிபுணர் ஒருத்தர சமீபத்துக் கட்டுரைகள்லேர்ந்து தேடி நேரா மெயில் எழுதுங்க, இந்தத் துறையில ஆள் கம்மி, ஆனா பதில் போடறவங்க, உங்கள மாதிரி களத்துல இருக்கறவங்க மாதிரியோட வந்தா சேர்ந்தே எழுதலாம்னு அவங்களே சொல்லுவாங்க.

மெயில் போடறதுக்கு முன்னாடி அந்தச் செடி இருக்கற இடத்துக்கு இன்னொருதரம் போங்க, அனுமதியோட. வலையால வீசியும் ஆஸ்பிரேட்டர்ங்கற உறிஞ்சு குழாயால உறிஞ்சியும் ஆண் பெண் குஞ்சு மூணும் எடுங்க. பாதிய 95 சதவீத எத்தனால்ல போட்டு ஃப்ரீசர்ல வைங்க, அது டிஎன்ஏவுக்கு. பாதிய காயவச்சு முக்கோண அட்டை நுனியில உடம்போட வலது பக்கத்த ஒட்டுங்க, இடது பக்கம் பாக்கறதுக்கு ஃப்ரீயா இருக்கட்டும். உயிரோட இருக்கும்போதே மேலேர்ந்து, பக்கவாட்டுல, முகத்துக்கு நேரா படம் எடுத்துக்கங்க, செத்தா நிறம் போயிடும். லேபிள்ல நாடு, இடம், அட்சரேகை தீர்க்கரேகை, உயரம், தேதி, செடி, எடுத்தவர் பேர் எல்லாம் அன்னைக்கே எழுதிடுங்க. நெத்தியில அந்த ரெண்டு புள்ளி ஆண் பெண் ரெண்டுலயும் இருக்கா, குஞ்சுலயும் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க, எந்தப் பேரினம்னு தேட ஆரம்பிக்க அது உதவும்.